ஜிம்மியின் முன்னங்கால்

ஐப்பசி 20, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். விறகு நனைந்துவிட்டது. கோணி போட்டு மூடச் சொல்லி மருமகள் கமலாவிடம் நேற்றே சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஒரே புகை, கண் எரிச்சல்.

ஜிம்மியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம். கட்டு வைத்தியரிடம் மறுபடியும். உறையூரிலிருந்து காவிரிப் பாலம் வரை வண்டிக்காரன் புலம்பல்.

"நாய்னு சொன்னீங்க, கன்னுக்குட்டியக் கொண்டாந்து ஏத்துறீங்களே. குதிரை மெரளுது பாருங்க."

"உன் குதிரைய விட இது சாது. பேசாம ஓட்டு."

வைத்தியர் பழைய கட்டைப் பிரித்தார். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியது. வீக்கம் துளியும் வடியவில்லை. முன்னங்காலில், தோளுக்குக் கீழே, தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி. தொட்டால் கல். இனிமேல் கட்டு வேண்டாமாம். ரெண்டு வேளையும் எண்ணெய் காய்ச்சி, மேலிருந்து கீழே அழுத்தி உருவ வேண்டுமாம்.

சாயங்காலம் உருவினேன். கத்திற்று. கடிக்கவில்லை. பல் படாமல் என் மணிக்கட்டை வாயால் பிடித்துக்கொண்டது. மகன் சுந்தரம் வாசற்படியில் நின்று பார்த்தான். "மெதுவாம்மா" என்றான். அவ்வளவுதான்.

ஐப்பசி 22, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, வேப்பெண்ணெய், கிணற்றுக்குக் கயிறு.

இந்த நாயை நான் கேட்கவில்லை. பொன்மலையில் இருந்த சட்டைக்கார ரயில் டிரைவர், ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறும்போது சுந்தரத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார். "ரெண்டாள் சோறு திங்குமே, யார் ஆக்கிக் கொட்டுறது" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அது நேராக வந்து என் காலடியில் படுத்தது. நான் கூப்பிட்டால் உடனே எழுந்து வருகிற ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

கஞ்சி குடிக்கவில்லை. கருவாட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உருவ உட்கார்ந்ததும் எழுந்து நொண்டி நொண்டிக் கொல்லைப்பக்கம் போயிற்று. கமலாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "என்னால முடியாது அத்தை" என்று அழுதாள். நாய்க்கு இத்தனை அழுகை. என் வீட்டுக்காரர் போனபோது இவள் கண்ணில் ஈரம் பார்த்தவர் யாரும் இல்லை. கருமாதியன்று புதுப்புடவைக்குச் சண்டை போட்டவள்.

நானே பிடித்துக்கொண்டு நானே உருவினேன்.

ஐப்பசி 25, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வலிக்கு ஏதாவது பொடி கேட்கலாம் என்று. புரட்டாசியில் சுந்தரம்தான் ஜிம்மியை அங்கே கூட்டிப்போனான். "வெறும் சுளுக்கும்மா" என்று வந்து சொன்னான். கம்பவுண்டரிடம் அடையாளம் சொன்னேன்.

"அந்தப் பெரிய நாயா பாட்டி? எலும்புல புத்து வச்சிருந்துச்சே, அதா? இன்னும் இருக்கா?"

"புத்தா? சுளுக்குன்னுல்ல சொன்னாங்க."

"யாரு சொன்னா? படம் புடிச்சுப் பாத்து டாக்டர் அன்னைக்கே உங்க மவன்கிட்ட சொல்லிட்டாரே. இது தேறாது, ஊசி போட்டு அனுப்பிடலாம்னாரு. காலை மட்டும் அமுத்தக் கூடாது, எலும்பு ஒடிஞ்சிடும், உசுரு போற வலின்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

பொடி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

அமுத்தக் கூடாதாம். நான் அடுப்பில் எண்ணெய் காய்ச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் கட்டை விரலால். அவன் வாசற்படியில் நின்று பார்த்தான். ஜட்காவுக்கும் அவனே ஏற்பாடு செய்தான்.

ஆபீஸிலிருந்து வந்து சட்டை கழற்றுவதற்குள் கேட்டேன். முதலில் அவன், "யார் சொன்னது உனக்கு?" என்றான். பிறகு தலை குனிந்தான்.

"சொன்னா நீ சோறு தண்ணி இல்லாமக் கெடப்பம்மா. வைத்தியர்கிட்ட போயிட்டு வந்தா உனக்கு ஒரு நம்பிக்கை. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"எனக்கு நம்பிக்கை. அதுக்கு?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"உங்கப்பாவுக்கும் வயித்துல புண்ணுன்னுதானே சொன்ன? மோர் குடுங்க, ஆறிடும்னியே? கடைசி நாள் வரைக்கும் மோரக் கரைச்சுக்கிட்டு நின்னேனே. அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை பேச வுட்டியா என்னை?"

கமலா உள்ளேயிருந்து, "அத்தை, அவரையே சொல்லாதீங்க, ஜிம்மி விசயம் எனக்கும் தெரியும்" என்றாள். ஆக, அன்றைக்கு அழுதது அதற்குத்தான். தெரியாதவள் நான் ஒருத்திதான். எங்கள் மூவருக்கும் ஒரே பானையில்தான் சோறு.

ஐப்பசி 27, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. அவரைக்கொடி பந்தலோடு சாய்ந்திருக்கிறது.

உருவுவதை நிறுத்திவிட்டேன். எண்ணெய்க் கிண்ணம் எடுக்கும் சத்தம் கேட்டாலே இன்னும் காலை இழுத்துக்கொள்கிறது. கிண்ணத்தைப் பரணில் போட்டேன். பொடி கொடுத்தால் கொஞ்சம் தூக்கம். முழித்திருந்தால் முனகல்.

நானே சுந்தரத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஊசி போடச் சொல்லு. அது படுறது போதும். ஆனா டாக்டர் இங்க வரணும். தலை என் மடியில இருக்கணும். என்கிட்ட சொல்லாம எதுவும் நடக்கக் கூடாது."

"சரிம்மா."

"அம்மா மேல சத்தியம் பண்ணு."

தலையில் கை வைத்தான். என் தலையில். வியாழக்கிழமை என்று முடிவு.

ஜிம்மியிடம் சொல்லிவிட்டேன். "வியாழக்கிழமைடா. நான் இருப்பேன்" என்று. வாலை ஒரு தடவை தரையில் தட்டியது. இதற்காவது யாரேனும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா.

ஐப்பசி கடைசி, செவ்வாய்

வருஷம் தவறாமல் இன்றைக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி முழுக்கு. இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுந்தரம்தான், "போயிட்டு வாம்மா, ஐப்பசி போனா வராது. நான் லீவு போட்டிருக்கேன், ஜிம்மியப் பாத்துக்கறேன்" என்றான். பஸ்ஸுக்குக் கூடவே வந்து ஏற்றிவிட்டான். சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கம்.

நல்ல கூட்டம். தண்ணீர் செங்காவி. மூன்று முழுக்குப் போட்டேன், ஒன்று ஜிம்மிக்கு. கோயிலில் புளியோதரை வாங்கி இலையோடு முடிந்துகொண்டு வந்தேன். புளி வாசனைக்கு ஒரு வாய் தின்னும் என்று.

கொல்லையில் கோணி மட்டும் கிடந்தது. கழுவி உலரப் போட்டிருந்தார்கள்.

"நீ போனதும் ரொம்ப முடியாமப் போச்சும்மா. தூக்கிக்கிட்டு ஓடினேன். ஊசி போட்டாங்க. வலியில்லாமப் போச்சு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கமலாவிடம் தனியாகக் கேட்டேன். "காலையில கஞ்சி குடிச்சுச்சா?"

"குடிச்சுச்சு அத்தை. நீங்க போன பஸ் சத்தம் கேட்டு வாசல் வரைக்கும் நொண்டிக்கிட்டு வந்துச்சு." சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

புளியோதரையைக் காக்கைக்குப் போட்டேன்.

கார்த்திகை 1, புதன்

கிணற்றுக் கயிறு இன்னும் வாங்கவில்லை. பழையது இற்றுப்போய்விட்டது.

என் தலையில் வைத்த கை. அதே கையால்தான் தூக்கிப்போயிருக்கிறான்.

கார்த்திகை 2, வியாழன்

இன்றுதான் அந்த வியாழன்.

"எங்க பொதைச்ச? பால் தெளிக்கணும்" என்று கேட்டேன். நாய்க்கு எதற்கு என்று சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. திகைத்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "குடமுருட்டிக் கரையில" என்றான்.

சொம்பில் பாலோடு நடந்தோம். கரையில் முன்னே போனான், நின்றான், இன்னும் கொஞ்சம் போனான். ஒரு நாவல் மரத்தடியைக் காட்டினான்.

"இங்கதானா?"

"இங்கதாம்மா. நானே நின்னு பொதைச்சேன்."

அருகம்புல் பாய் விரித்த மாதிரி. வேர் விட்டு முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடந்தது. நான் லால்குடியில் வயலில் வளர்ந்தவள். முந்தாநாள் தோண்டிய மண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. அவ்வளவு பெரிய உடம்பைப் புதைக்க எத்தனை மண் வெட்ட வேண்டும். ஒரு கூடை மண்கூடப் புரண்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவர்கள் எங்கே கொண்டுபோனார்களோ, அவனுக்கும் தெரியாது.

குனிந்து பாலைத் தெளித்தேன். புல்லின் மேல் நின்று வடிந்தது. அவன் கைகட்டிக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் இருந்தது. அது நிஜம்தான்.

திரும்பும்போது கேட்டான். "மனசு ஆறுச்சாம்மா?"

"ஆறிடுச்சுப்பா" என்றேன்.

நம்பிவிட்டான்.