புளி போட்டுத் தேய்த்த காசு

2005 நவம்பர் 14.

காலையில் ஈரோட்டுக்காரர் போன் செய்தார். இணையத்தில் என்னிடம் பழைய செப்புக்காசு ஒன்றை வாங்கியவர்.

“ஏனுங்க, படத்துல பச்சையேறிக் கெடந்த காசு, தபால்ல வாரப்போ மொகம் கழுவிக்கிச்சுங்களா? போலியைத் தள்ளி உடறீங்களா?”

அதே காசுதான் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றைக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் என்னை மோசடிக்காரன் என்று அந்தத் தளத்தில் எழுதிவிடுவாராம். பிறகு யார் என்னிடம் வாங்குவார்கள்?

அம்மாவிடம் கேட்டேன். பார்சல் கட்டுவதற்கு முன், வெள்ளிக்கிழமை விளக்கோடு காசையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

“அழுக்கோட அனுப்புனா நம்ம ஊட்டைப் பத்தி என்ன நெனைப்பாங்க கண்ணு? அவருக்குப் புடிச்சுதா?”

காசின் பழமைக்குச் சாட்சியான அந்தப் பச்சைக்காகத்தான் அவர் வாங்கினார்.

“புடிச்சுதாம், அம்மா.”

செம்மேட்டு இன்டர்நெட் கடைக்குப் போய், நான்தான் தேய்த்தேன், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மெயில் போட்டேன். உடனே பதில் வந்தது. “படிச்சவர்தானுங்களா நீங்க?”

மோசடிக்காரன் என்ற பெயர் தப்பியது. முட்டாள் ஆனேன். அதில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பொய் யாருக்காக? அம்மாவை அவர் ஏசிவிடக் கூடாது என்பதற்காகவா? இல்லை, என் அம்மா புளி போட்டுத் தேய்த்தாள் என்று எழுதக் கூசியதாலா? படுத்தும் எழுந்தும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீதி ஏழு காசுகள் இருந்த டப்பா மேஜைமேல் இல்லை. சமையலறையில் அம்மா எதையோ தேய்க்கும் சத்தம். எழுந்து போய்ச் சொல்லவேண்டும். இன்னும் இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.