எந்த வாசலுக்கு வருவார்கள்?

கிளார்க்ஸ்வில், டென்னசி
செப்டம்பர் 24, 2011

என் அன்பு டார்லா,

இங்கே நானும் நாயும் சுகம். காந்தஹாரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்து அடுப்படிக்குப் போய் வந்துவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

செவ்வாய்க்கிழமை தடை நீங்கியது. பெண்ணோடு பெண்ணாகக் குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் இனி ஒளியாமல் ராணுவத்தில் இருக்கலாம், வெளியே தெரிந்தால் வேலை போகாது என்று டிவி நாள் முழுக்கச் சொன்னது. பேக்கரியில் மீந்த கேக்கைக் கொண்டுவந்து தனியாகக் கொண்டாடினேன். நீ போனில், "சட்டம்தான்டி மாறிச்சு, ஆளுங்க மாறல. கொஞ்சம் பொறு" என்றாய். பதினோரு வருடம் பொறுத்தவள்தானே, சரி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை நம் தெருவில் ராணுவக் கார் ஒன்று வந்து நின்றது. மெடல் குத்திய முழுச் சீருடையில் இரண்டு பேர் இறங்கி வீட்டு எண்ணைத் தேடினார்கள். அப்படி வருபவர்கள் சாவுச் செய்தியோடுதான் வருவார்கள் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் கதவைத் தாழிட்டு, நாயின் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். திறக்காவிட்டால் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்ன? அவர்கள் எதிர்வீட்டு டான்யாவின் கதவைத் தட்டினார்கள். அவள் கணவன் கர்ட்டிஸ் போரில் போய்விட்டான், டார்லா. அவள் கத்தியது கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்தப் பாவத்தை உன்னிடம் தவிர யாரிடம் சொல்வேன்?

சாயங்காலம் மக்ரோனி செய்து எடுத்துக்கொண்டு போனேன். தெருப் பெண்கள் எல்லாரும் அவள் சமையலறையில்தான். பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மூலை வீட்டு வெர்னா, "ஏன்டி இப்படிப் பயந்து நிக்குற?" என்றாள். "என் டார்லா அங்கதான இருக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "அட கிறுக்கச்சி, நீங்க வாடகையைப் பங்கு போட்டுக்கத்தான் ஒண்ணா இருக்கீங்கன்னு இந்தத் தெருவுல ஒருத்தரும் நம்பல. அதை விடு. ஏதாச்சும் ஆனா யாருக்குச் சொல்லணும்னு ஒரு ஃபாரம் இருக்கே, அதுல உன் பேர் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை, ஓஹாயோவில் இருக்கும் உன் அம்மா பேர்தான் என்றேன். "அப்ப எதுக்குடி பயந்த? அவங்க உன் வீட்டுக்கு வரவே மாட்டாங்களே" என்றாள். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியவர் உன் அம்மா. அவரா எனக்குப் போன் செய்வார்? நீ இல்லாமல் போய் ஒரு வாரம் ஆன பிறகும் நான் உனக்கு சாக்ஸ் வாங்கி அனுப்பிக்கொண்டிருப்பேன்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் என்று நீ பயப்படுவது தெரியும். உன் கேப்டன் ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும், இனி உன்னை வேலையை விட்டு அனுப்ப முடியாது. திங்கட்கிழமையே அந்த ஃபாரத்தைக் கேட்டு வாங்கு. அம்மா பேரை அடிக்க வேண்டாம், அவர் பெற்றவர். என் பேரையும் சேர்த்து எழுது. உறவு என்று ஒரு கட்டம் இருக்குமாம். மனைவி என்று எழுத இந்த மாநிலம் விடாது. உனக்குத் தோன்றியதை எழுது, தோழி என்று மட்டும் எழுதிவிடாதே.

கடவுள் உன்னை முழுசாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். அது அவரால் முடியாவிட்டால், என்னிடம் வந்து சொல்ல ஓர் ஆளையாவது அனுப்பட்டும்.

உன்னுடைய,
நேடின்