ஆறாம் நாளில் திறந்த பெட்டி

பூப்பெட்டியைத் திறந்தபோது அறையில் இருந்தவர்கள்: சூப்பர்வைசர், பூ வாங்க வந்த வியாபாரி, சாயம் போடும் அக்கா, நான். ஐந்தாவதாகக் கடவுள்.

என்னங்க, வணக்கம். நான் இங்கே கம்பெனி விடுதியில் நலம். உங்களுக்கும் அத்தையின் முழங்காலுக்கும் அவன் குறை வைக்கமாட்டான். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

பறித்த ரோஜாவைப் பெட்டி மணலில் புதைத்துப் பத்து நாள் காயவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். எந்தப் பெட்டியை எந்தத் தேதியில் மூடினோம் என்று நோட்டில் எழுதுவது நான். வியாபாரிக்குக் காட்டும் அவசரத்தில் சூப்பர்வைசர் ஆறாம் நாளே திறந்தார். ஈரம் போகாத இதழ்கள் கையோடு வந்துவிட்டன. உடனே, “இந்தம்மா தேதியைத் தப்பா எழுதிட்டாங்க” என்றார்.

“நூத்தெட்டு போற்றியில ஒண்ணு விட்டாலும் முதல்லேர்ந்து சொல்ற ஆளு சார் இவங்க. இவங்களா தப்பா எழுதுவாங்க?” என்றாள் அக்கா. வியாபாரியே சிரித்துவிட்டார். சூப்பர்வைசர் என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதுகூடப் பெரிதில்லை. நேற்று வந்து, “உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். நீங்க மன்னிப்பு எழுதிக் குடுப்பீங்கன்னு சொல்லிட்டாரு” என்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இருபது வருஷமாக நான் எழுதும் வரவுசெலவு நோட்டைப் பார்த்துத்தானே நம் வீடு நடக்கிறது? அதில் ஒரு அடித்தல் உண்டா? எழுதிக்கொடுத்தால் இனிப் பெட்டிகளை என்னிடம் விடமாட்டார்கள். தண்டு பொறுக்கத்தான் அனுப்புவார்கள். நான் எழுதமாட்டேன்.

சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டு, என்னைக் கேட்காமல் நீங்கள் வாக்குக் கொடுத்தது தவறு என்று சொல்லுங்கள். நம் தெருக்கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும்; ஆனால் அது வேண்டாம், நீங்கள் வாங்கியதில்தான் எழுதுவேன். கம்பெனி வேன் வந்துவிட்டது. சீக்கிரம் பதில் போடுங்கள்.