ஒரே நாளில் கொட்டிய பயோபெல்லட்

செவ்வாய், இரவு

காலையில் என் பவளங்கள் உயிரோடு இருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

பவளமும் மீனும் வளரும் கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட் கழிவு ஏறியதால் பயோபெல்லட் மணிகள் வாங்கினேன். அந்த மணிகளில் வளரும் பாக்டீரியா நைட்ரேட்டைத் தின்றுவிடும். மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மழைக்கு முன் உரத்தை ஒரேயடியாகப் போட்டு முடிக்கிற பழக்கத்தில், முழுப் பையையும் நேற்றே கொட்டிவிட்டேன். இன்று பாக்டீரியா அளவுமீறிப் பெருகி, தண்ணீர் பாலாய் வெளுத்தது. ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின.

கணவர் எட்டிப் பார்த்தார். "மலையில கடல் வளர்க்கிறாங்களாம்! தொட்டிய காலி பண்ணிட்டு ஸ்ட்ராபெரி நடு லா."

"தப்பு என்னோடது. பவளம் என்ன செஞ்சது? காலி பண்ண மாட்டேன்."

முக்கால்வாசி மணிகளை அள்ளி வெளியே எடுத்தேன். இன்னொரு காற்றுக் குழாய் போட்டேன்.

புதன்: ஒரு பவளம் செத்துவிட்டது. மற்றவை மறுபடி விரிந்தன. மீதிக் கால்வாசி மணி தொட்டிக்குள்ளேயே சுழல்கிறது.