கட்டிலின் கதவுப் பக்கம்

என் செல்லமே செல்வி,

முதலில் சந்தோஷச் செய்தி. உன் அக்கா நம் லாட்ஜில் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்! சிரிக்காதே, இங்கிலீஷில் பேசித்தான் ஆனேன்.

மாலை வகுப்பில் டீச்சர் பர்ஃபெக்ட் டென்ஸ் என்று பலகை நிறையக் கட்டம் போட்டபோது எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் படுக்கை விரிக்கையில் நீதான் சட்டம் போட்டாய். ஜன்னல் பக்கம் நிற்பவள் தமிழில் சொல்ல வேண்டும். விரிப்பைச் செருகி முடிப்பதற்குள் கதவுப் பக்கம் நிற்பவள் அதையே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் பக்கம் மாறுவோம்.

"தொடைச்சேன்னா வேலை முடிஞ்சுது, அவ்வளவுதான். தொடைச்சிருக்கேன்னா, இப்ப வந்து பாத்துக்கங்கன்னு அர்த்தம்க்கா. அதுக்குத்தான் ஹேவ்" என்பாய். நான் "ஐ ஹேவ் க்ளீன்ட் எஸ்டர்டே" என்றால் தலையணையால் ஓர் அடி விழும். "நேத்து தொடைச்சத இப்ப எங்க போய்ப் பாக்கறது? அதுல ரெண்டு பேரு படுத்து எந்திரிச்சுட்டாங்க!"

ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. கட்டிலை நான் தனியாகச் சுற்றிவந்தேன். வகுப்புக்கும் போகவில்லை. யாரிடம் பேச இந்த இங்கிலீஷ் என்றிருந்தது. ஆனால் சூப்பர்வைசர் வேலைக்கு நம் இருவர் பெயரையும் நீ எழுதிக் கொடுத்திருந்தாயே, போன வாரம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜர் ஓர் அறைக்கு அழைத்துப்போனார். என்னென்ன வேலை செய்திருக்கிறேன் என்று கெஸ்டிடம் சொல்வதுபோல இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். நான் நின்றது ஜன்னல் பக்கம். பழக்கதோஷம்! "ரூம் தொடைச்சிருக்கேன், துண்டு மாத்தியிருக்கேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக் காத்திருந்தேன். அட கடவுளே, பதில் எங்கிருந்து வரும்? கண் கலங்கிவிட்டதடி.

"யார ஜொதெ மாதாட்தா இதீரா ரத்னம்மா?" என்றார் மேனேஜர் கன்னடத்தில், யாரோடு பேசுகிறீர்கள் என்று.

நான் கட்டிலைச் சுற்றிக் கதவுப் பக்கம் வந்தேன். உன் இடத்தில் நின்று, உன் துடுக்கோடு சொன்னேன்: "ஐ ஹேவ் க்ளீன்ட் த ரூம், சார். ஐ ஹேவ் சேஞ்ச்ட் த டவல்ஸ். ப்ளீஸ் கம் அண்ட் சீ." மனுஷன் நிஜமாகவே குளியலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்!

உன் இடத்துக்குச் சுமா வந்திருக்கிறாள். என் வயசுதான், கன்னடக்காரி. அவளுக்கும் இங்கிலீஷ் வேண்டுமாம். சூப்பர்வைசர் படுக்கை விரிக்க வேண்டியதில்லை என்கிறார்கள். ஆனாலும் தினமும் முதல் கட்டிலை அவளோடு நான்தான் விரிப்பேன். அவள் ஜன்னல் பக்கம் நின்று கன்னடத்தில் சொல்லட்டும். கதவுப் பக்கத்திலிருந்து பதில் வரும், சத்தியமடி.

கூடப் பிறக்காமலே உனக்கு அக்காவான,
ரத்னா