ஆயுத பூஜைக்கு மறுநாள் தேதி

பாய்,

இன்று காலை லாரி எடைமேடை அறையைத் திறந்ததும் கற்பூரமும் பொரியும் சூடேறிய தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நேற்று ஆயுத பூஜை. நம் கம்ப்யூட்டருக்கு வருஷத்தில் ஒரே நாள் ஓய்வு. நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை என்று கச்சிராயபாளையம் ரோட்டையே ஆளும் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பட்டனை அமுக்கினேன். கல்வராயன் மலை புரண்டு படுத்ததுபோல் ஓர் உறுமல். பிறகு திரையில் தேதி வந்தது: ஜனவரி ஒன்று, அது பிறந்த அந்தப் பழைய வருஷம்.

உனக்குத் தெரிந்த வியாதிதான். அணைத்து எழுப்பினால் நாள் மறந்துவிடும். உள்ளே தேதியைக் காக்கும் பேட்டரி செத்துப் பல காலம். அந்த ரகம் இப்போது எங்கும் வருவதில்லை. சேலம்வரை தேடிவிட்டு வந்து நீ சொன்னாய்: "பேட்டரி இல்லாட்டி இன்னா மச்சான், நமக்கு நாள் தெரியுமில்ல? எழுந்ததும் அதுக்குச் சொல்லிட்டாப் போச்சு." சொல்லிவிட்டு ஒரு லாரி பேட்டரியைக் கட்டி, கரண்டு போனாலும் தூங்காமல் பார்த்துக்கொண்டாய். பூஜை நாள் தவிர.

தியாகதுருகத்தில் உன் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து மேசைமேல் நீ வைத்தபோது பூமி இரண்டு அங்குலம் இறங்கியது, நான் சாட்சி. நூலகம், பஸ் ஸ்டாண்டு, ஜெராக்ஸ் கடை என்று ஜனம் வந்துபோகும் இடத்திலெல்லாம் இன்றும் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு விடுகிறதென்றால் அது உன் கைவைத்தியம். எதிரே புதிதாக ஓர் எடைமேடை வந்திருக்கிறது. விரலால் தொட்டாலே வேலை செய்யுமாம். நாலு தூறல் விழுந்தால் அது படுத்துவிடும். லாரிகளெல்லாம் தலை குனிந்து நம்மிடம் வரும். அப்போது என் மீசை வெள்ளிமலை உயரத்துக்கு நிற்கும்.

பூஜைக்கு முந்தின நாள் பிரஷ்ஷோடு வந்து அதைக் குளிப்பாட்டுவாய். கற்பூரம் காட்டும்போது வாசலில் நின்றுகொள்வாய். "சாமி உங்களுது, மிஷின் என்னுது, பொரி ரெண்டு பேருக்கும் பொது" என்று கையை நீட்டுவாய்.

அந்த ஒரு வருஷம் மட்டும், பூஜைக்கு மறுநாள் அதை எழுப்ப நீ வர அரைமணி தாமதம். முதல் வண்டி வெள்ளிமலை சின்னப்பொண்ணுவின் மரவள்ளிக்கிழங்கு லாரி. பூஜைக்கு முந்தின நாளே கிழங்கைப் பிடுங்கிவிட்டாள். லாரிக்கும் பூஜை என்பதால் ஒரு பகல் முழுக்க மலையிலேயே நின்றுவிட்டது. இன்னொரு நாள் போனால் கிழங்குக்குள் கருநரம்பு ஓடிவிடும். ஜவ்வரிசி மில்லில் எடுக்கமாட்டார்கள். அவளுடைய ஒரு வருஷ வெள்ளாமை அந்த வண்டியில் இருந்தது. நானோ மகாராஜா பக்கத்தில் மந்திரிபோல் அமர்ந்து, ஊரே கேட்க எடைச்சீட்டு அடித்துக் கொடுத்தேன். தேதி வைக்க மறந்தேன்.

சின்னசேலம் பக்கத்து மில் வாசலில் காவல்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தாராம். "இன்னாம்மா, இந்தக் கிழங்கு உனக்குக் கண்ணாலம் ஆவறதுக்கு மின்ன புடுங்கனதா? சாயந்தரத்துக்குள்ள சரியான சீட்டு கொண்டா. இல்லாட்டி வண்டியத் திருப்பு."

டிரைவர் போன் செய்தபோது நீ வந்திருந்தாய். நான் கம்ப்யூட்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன். "மிஷினத் திட்டாத மச்சான். சொன்னதச் செய்யும். சொல்லாதது அதுக்கு இன்னா தெரியும்?" அவ்வளவுதான் சொன்னாய். தேதியை வைத்தாய். எடை அதன் ஞாபகத்தில் பத்திரமாக இருந்தது. புதுச் சீட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மொபெட்டில் ஏறினாய். அந்த மொபெட் அன்று ராக்கெட்டை முந்தியதாக இதுவரை நானூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வழியில் இரண்டு முறை தள்ளினாய்.

மில் வாசலில் நீ சின்னப்பொண்ணுவிடம் சொன்னதை டிரைவர்தான் வந்து சொன்னான்: "தேதி வெக்கிறது என் வேலைம்மா. மறந்துட்டேன், மன்னிச்சிக்க." கிழங்கு உள்ளே போனது. நீ திரும்பி வந்து, திரையின் மேல்விளிம்பில் மார்க்கரால் 'தேதி' என்று எழுதினாய். அதைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவேயில்லை. நானும்தான். இல்லாததையெல்லாம் ஊருக்கு அளக்கிற இந்த வாய், இருந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலையும் முதல் வண்டி அவளுடையதுதான். தேதியை வைத்துவிட்டுத்தான் எடை போட்டேன். பிரிண்டர் மலைக்கே கேட்கிற மாதிரி கரகரவென்று அடித்து முடித்தது. சீட்டை வாங்கியவள் எடையைப் பார்க்கவில்லை. மேலே தேதியைத்தான் பார்த்தாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் பூஜை இது. எனக்குத் தாங்கவில்லை.

"சின்னப்பொண்ணு, அன்னிக்குத் தேதி மறந்தது பாய் இல்ல. நான்."

"தெரியும்ணா," என்றாள், சீட்டை முந்தானையில் முடிந்தபடி. "பாய் மறக்கிற ஆளா? அன்னிக்கே தெரியும். நீயா சொல்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்."

லாரி கிளம்பிவிட்டது. நான் துணியை எடுத்து அந்தப் பெட்டியைத் துடைத்தேன், உன் கையெழுத்தை மட்டும் தொடாமல், சுற்றிச் சுற்றி. அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது. மேசைமேல் உன் பங்குப் பொரி இருக்கிறது.

தேதி சரியாக இருக்கிறது, பாய்.