ஒரு பக்கம் மட்டும் கேட்ட லைன்

கோட்டூர்புரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். போலந்தில் கிராக்கோ நகரத்தில் இருக்கிற பெண்ணுக்கு இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். செல்லில் செய்தியாக அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். வீடியோவில் வா என்றால் தலைவலி என்கிறாய், போன் செய்தால் லைன் சரியில்லை, ஆகையால் இது. அடையாறு கூரியர் கடையில் கொடுத்தால் நாலைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். அடுத்த வாரக் கடைசிக்குள் வந்துவிட்டால் போதும், அது ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அந்த மேசை போனை நான் ஏன் விடாப்பிடியாக வைத்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். அப்பாவின் காது மிஷினுக்கு செல்போன் ஒத்துவரவில்லை, பக்கத்தில் கொண்டுபோனாலே கீச்சென்று கத்துகிறது, பெரிய ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்தால்தான் உன் பேச்சு அவருக்குப் புரிகிறது. அதற்காகத்தானே இன்டர்நெட் போன் கணக்கு வாங்கி, இந்தப் பக்கம் மேசை போனிலும் அந்தப் பக்கம் உன் செல்லில் ஒரு செயலியாகவும் போட்டோம், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இங்கே இணைய கம்பெனியை மாற்றியதும் நீ அங்கே புது ஆபீஸில் சேர்ந்ததும் ஒரே சமயம், அப்போதிலிருந்து மணி அடிக்கும், எடுத்தால் இரண்டு பக்கமும் ஊமை. மயிலாப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்க்கும் மேசையில் தலை நரைக்கிறவரை உட்கார்ந்தவள் நான், ஊமை லைனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா. கம்பெனியிலிருந்து ஆதில் என்று ஒருவர் வந்தார், ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தார், எங்க சைடுல எல்லாம் ஓகேவா கீது மேடம், அந்தாண்ட உங்க பொண்ணு போன்லதான் இன்னாவோ கோளாறு, கேட்டுப் பாருங்க என்றார். இதையே எக்ஸ்சேஞ்சில் நான் எத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன், என்னிடமேவா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், அவர் சொன்னதில் பாதி நிஜம். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நீ.

மீதிப் பாதி நம் பக்கம்தான், அதையும் நான்தான் கண்டுபிடித்தேன். புது இணைய கம்பெனியில் எத்தனையோ வீடுகளுக்குச் சேர்த்து, வெளியே தெரிகிற இணைய முகவரி ஒன்றே ஒன்றுதான் கொடுத்து வைத்திருந்தார்கள். நம் அடுக்ககம் மாதிரிதான், எல்லா வீட்டுக்கும் ஒரே வாசல், வாசலில் வாட்ச்மேன் இசக்கிமுத்து, எனக்கு சாமான் வருகிறது என்று உள்ளேயிருந்து யாராவது சொல்லி வைத்திருந்தால் மேலே அனுப்புவார், சொல்லாவிட்டால் கூரியர்காரரைத் திருப்பிவிடுவார். உன் குரலும் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. நமக்கென்று தனி முகவரி சண்டை போட்டு வாங்கி, குரல் வருகிற வழியை ரவுட்டரில் நேராக மேசை போனுக்குத் திறந்துவிட்டேன். அப்போதே உனக்குச் செய்தி போட்டேன், ஆபீஸ் விபிஎன் ஓடுகிறதா பார், ஓடினால் அணை என்று. அது ஓடும்போது உன் போன் வெளியே போவது ஆபீஸ் வாசல் வழியாக, ஆனால் பதிலை இங்கே அனுப்பு என்று எழுதிக் கொடுப்பது உன் வீட்டு முகவரியை, பிறகு என் குரல் எங்கே வந்து சேரும். நீ என்ன பதில் போட்டாய், நினைவிருக்கிறதா. அதெல்லாம் எப்பவோ ஆஃப் பண்ணிட்டேன்மா.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நீ கூப்பிட்டாய். எடுத்தால், ஹலோ, ஹலோ அம்மா என்று பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி உன் குரல். எனக்கு வந்த சந்தோஷத்தில் கேக்குதுடி, நல்லா கேக்குது என்று கத்தினேன். நீ ஒண்ணும் கேக்கலம்மா என்றாய். அப்போதே புரிந்துவிட்டது, நம் பக்கம் சரியாகிவிட்டது, உன் பக்கம் விபிஎன் ஓடிக்கொண்டிருக்கிறது, நீ அதை அணைக்கவே இல்லை. சரி, இந்த ஒரு வழியாவது எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்ப்போம் என்று ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பழுது பார்க்கிறவர் முதலில் லைனை அறுக்கக் கூடாது, அது எங்கள் வேலைப் பழக்கம். நீயும் அறுக்கவில்லை. பெரியவங்க வைக்கிறவரைக்கும் நீ வைக்கக் கூடாது என்று சின்ன வயதில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தேனே, அதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, நான் வைத்துவிடுவேன் என்று போனை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டாய். நான் வைப்பேன் என்று நீ, நீ வைப்பாய் என்று நான். அதற்கப்புறம் மாப்பிள்ளையிடம் பேச ஆரம்பித்தாய்.

கழுத்தில் கட்டி, தைராய்டை எடுக்கப்போகிறார்கள், அடுத்த வாரக் கடைசியில். குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறதாம், குரல் கொஞ்ச நாள் கம்மிப்போகுமாம், சிலருக்குப் பழைய குரல் திரும்பாமலும் போகலாமாம். டாக்டர் சொன்னதை நீ அழுதுகொண்டே மறுபடி மறுபடி சொன்னாய். அத்தைகிட்ட சொல்லிடலாம் கயல் என்றார் மாப்பிள்ளை, தங்கமான மனுஷன். அதற்கு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. வேணாம், விபிஎன் அப்படியே இருக்கட்டும், குரல் வர்ற வரைக்கும் லைன் சரியில்லன்னு ஓட்டிடலாம், அம்மாவும் ரவுட்டரை நோண்டிக்கிட்டு பிஸியா இருப்பாங்க. கயலு, எனக்குக் கேக்குதுடி என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டு லாவண்யா கதவைத் தட்டிவிட்டாள், காது கேளாத அப்பா ஓடிவந்தார். உனக்கு மட்டும் கேட்கவில்லை.

பிஸியா இருப்பேனா நான். உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் பெற்றவளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு பழுதைக் கையில் கொடுத்து உட்கார வைப்பாய். உனக்கு ஒன்று என்றால் நான் இடிந்துபோய்விடுவேன் என்று நினைத்தாயா, அப்படியே இடிந்துபோனால்தான் என்ன, அது என் பாடு. அதுவும் உனக்குக் கேட்கவில்லை என்றால் எனக்கும் கேட்காது என்று முடிவு பண்ணிவிட்டாயே, டெலிபோன்காரி வளர்த்த பெண்ணா நீ, போகிற வழி வேறு வருகிற வழி வேறு என்று சோறு ஊட்டும்போதே சொல்லியிருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் விசாவுக்குப் போட்டிருப்பேன், அப்பாவை அவர் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நேற்று விசாரித்தேன், இனிமேல் போட்டால் நாள் போதாது என்றார்கள். நீ பொய் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன், அந்த நாட்களை எனக்கு இல்லாமல் பண்ணினாயே, அதுதான் ஆறவில்லை. அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன், நான் உன்னை மாதிரி இல்லை. அவர் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டு மூன்று தடவை தோளைத் தொட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்குச் செய்தி அனுப்பக் கை பரபரக்கிறது, ஒரு வரியில் கேட்டால் ஒரு வரியில் மழுப்புவாய் என்றுதான் அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். தி.நகர் போய் அந்தக் கூட்டத்தில் மிதிபட்டு வாங்கியது, மெல்லிசான மல் துணியில் துண்டுகள், கழுத்தில் சுற்றிக்கொண்டால் தையல் போட்ட இடத்தில் உரசாது. எத்தனை மாசக் குழந்தைக்கும்மா என்று கடைக்காரர் கேட்டார். முப்பத்து மூணு வயசு என்றேன், அவர் துணியை மடித்துப் பையில் போட்டார். பூப்போட்டதாக இருக்கிறது என்று மூஞ்சியைச் சுளிக்காதே, அவசரத்தில் இதுதான் கிடைத்தது, கட்டுவதற்கு முன் ஒரு தடவை வெந்நீரில் அலசிக் காயவை.

இப்போது நான் சொல்கிறபடி செய். முதலில் போன் செயலியை முழுசாக மூடு, பிறகு விபிஎன்னை அணை, அதற்கப்புறம் செயலியைத் திற. இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே அணைத்தால் அது பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு தொங்கும். அணைக்க ஆபீஸில் விடமாட்டார்கள் என்றால், இந்த ஒரு செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட அதன் அமைப்பிலேயே வழி இருக்கும், மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். பிறகு கூப்பிடு. ஆபரேஷனுக்கு முன்னால் அப்பா ஒரு தடவை உன் குரலைக் கேட்க வேண்டும். அவர் காதுக்குப் பழகினது அந்தக் குரல் ஒன்றுதான், வேறு குரல் வந்தால் பழகிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நாள் ஆகும், பழகிக்கொள்வார். எனக்கும் ஒரு தடவை வேண்டும், நேரில் திட்டுகிற மாதிரி திட்டுவதற்கு.

ஆபரேஷன் முடிந்து குரல் வராத நாளிலும் கூப்பிட வேண்டும், லைன் சரியில்லை என்கிற கதையெல்லாம் இனி என்னிடம் வேண்டாம். நீ பேச வேண்டியதில்லை, விரலால் போனில் இரண்டு தட்டு தட்டினால் போதும். மறுமுனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று மூச்சை வைத்தே கண்டுபிடிப்பேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், நீ கேட்டுக்கொண்டு படுத்திரு. எல்லாம் நல்லபடியாக முடியும், மகராசியாக இரு, மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிடாதே, எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள். பெரியவங்க வைக்கிறவரைக்கும் வைக்கக் கூடாது என்பது ஞாபகம் இருக்கட்டும், நான் வைக்கப்போவதில்லை.

கோபம் தீராத உன் அம்மா,
ஹம்சா சுப்புராயன்